டிவிக்கு மேலே ஒரு கேமரா: கிருஷ்ணகிரி வீடொன்றிலிருந்து ஒரு மதிப்புரை

வீட்டுக்குள் வைக்கும் சுழலும் வைஃபை கேமராக்கள் இன்று கிருஷ்ணகிரியில் மிக்சியும் கிரைண்டரும் விற்கும் கடைகளிலேயே கிடைக்கின்றன. மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் என் அக்கா வீட்டுக்கு வாங்கிய அப்படிப்பட்ட ஒரு கேமராவையும், அதனுடன் வரும் கைப்பேசிச் செயலியையும் பற்றியது இந்த மதிப்புரை. கருவியின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் நான் குறிப்பிடப் போவதில்லை, ஏனெனில் இந்த விலையில் விற்கும் கருவிகளின் செயலிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு தெரிவதில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் பிடிக்கும் கருவி என்ற அளவில் இது கொடுத்த காசுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் பதினாறு வயதுப் பெண் பிள்ளை புழங்கும் ஹாலில் வைக்கத் தக்கதல்ல, ஏனென்றால் இதன் செயலி காவலுக்கு என்பதைவிட வேடிக்கைக்கு என்றே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அப்படி இருப்பதால் காவலுக்கும் அது உதவாமல் போகிறது.

வாங்கியதற்கான காரணத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. அக்காவும் மாமாவும் ஓசூரில் வெவ்வேறு ஆலைகளில் வேலை பார்க்கிறார்கள். சூளகிரி வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்ஸில் போய்த் திரும்ப வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளி முடிந்து வந்து, அவர்கள் வீடு சேரும்வரை தனியாக இருக்கிறாள். ஓசூரை நம்பிப் பிழைக்கும் எத்தனையோ குடும்பங்களின் மாலைப்பொழுது இப்படித்தான் கழிகிறது என்பதால், பிள்ளை வந்து சேர்ந்தாளா, கதவைத் தாழிட்டாளா என்பதை வேலையிடத்திலிருந்தே ஒருமுறை பார்த்துக்கொள்ள விரும்புவதில் தவறு காண முடியாது. இதை எழுதுவதற்கு முன் அவளிடம் அனுமதி கேட்டேன். எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு செய்திகளை நீக்கச் சொன்னாள், நீக்கிவிட்டேன். தன்னைப் பற்றிய காட்சிகளை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று அதற்கு முன் அவளிடம் யாரும் கேட்டதில்லை என்பது, இந்தக் கருவியை மதிப்பிடுவதற்குத் தேவையான ஒரு தகவல்.

ரவுண்டானாவுக்குப் பக்கத்திலுள்ள ஒரு கடையில் வாங்கினார்கள். கடையின் சேவையைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். பொருத்த வந்த இளைஞர் சுவரைப் பார்த்ததும், “அக்கா, இத வாசலப் பாக்கற மாதிரி வெச்சிடலாம். ஹாலுக்குள்ள வேணாம், அப்புறம் நீங்களே கழட்டச் சொல்லுவீங்க” என்றார். விற்றவுடன் கைகழுவாமல் இப்படிச் சொல்பவர்கள் அரிது. அக்கா ஹாலில்தான் வேண்டும் என்று உறுதியாகச் சொன்னதால், டிவிக்கு மேலே, டிவி பார்ப்பவர்களின் முகம் தெரியும்படி பொருத்தினார். பொருத்துக் கூலி நியாயமாக இருந்தது. வயரைச் சுவரோரமாக ஒளித்து ஓட்டிய விதத்திலும் வேலை தெரிந்தவரின் கை தெரிந்தது. கேமரா செய்த ஆலையிலிருந்தே அதனுடன் வந்த கடவுச்சொல்லை எங்கள் எதிரிலேயே மாற்ற வைத்து, புதியதைத் தாம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கடவுச்சொல் விஷயம் சிறியதல்ல. 2016இல் மிராய் என்ற தீநிரல் (கேடு செய்யும் மென்பொருள்), ஆலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் உலகெங்கும் வரிசையாகக் கைப்பற்றி, அவற்றை ஒருசேர ஏவி அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பலவற்றைச் சில மணி நேரம் முடக்கிப்போட்டது. அந்த வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் கேமரா அதில் பங்கெடுத்தது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறிய பிறகே விற்கப்பட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. எனவே கடைகளின் அலமாரியில் கிடக்கும் பழைய சரக்கைத் தள்ளுபடி விலைக்காக வாங்குவது புத்திசாலித்தனமல்ல.

கருவியின் தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதில் பெரிய குறை எதுவும் இல்லை. 3 மெகாபிக்சல் படத்தில் பகலில் கையிலுள்ள புத்தகத்தின் அட்டை என்ன என்பது வரை தெரிகிறது. இரவுக்கு அகச்சிவப்பு விளக்குகள் உண்டு. அவை 850 நானோமீட்டர் வகையாதலால் இருட்டில் உற்றுப் பார்த்தால் மங்கலான செம்புள்ளிகள் தெரியும். 940 நானோமீட்டர் வகையில் அதுகூடத் தெரியாது, ஆனால் காணும் தூரம் குறையும். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே வேலை செய்யும் என்பதால், 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கும்படி ரூட்டரை அமைத்திருப்பவர்கள் அதை மாற்ற வேண்டியிருக்கும். நொடிக்கு 1 மெகாபிட் அளவில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 11 ஜிபி ஆகும். அந்தக் கணக்கில் 128 ஜிபி மெமரி கார்டில் பதினொரு நாள் காட்சிகள் தங்கும், பிறகு பழையதன்மேல் புதியது எழுதப்படும். இப்படி ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் வேலைக்குச் சாதாரண கார்டு நெடுநாள் தாங்காது, கண்காணிப்புக் கேமராவுக்கென்றே விற்கும் நீடித்துழைக்கும் வகையை வாங்க வேண்டும். மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுதும் மின்சாரத்தை நிறுத்தும் நாளில் கேமரா, ரூட்டர் இரண்டும் இன்வெர்ட்டரில் இருந்தால்தான் பயன். விளக்கைச் சுற்றும் பூச்சிகளை ஆள் நடமாட்டம் என்று கருதி அறிவிப்பு அனுப்பும் குறை உண்டு, அதை எல்லாரும் சில நாளில் பழகிக்கொள்வார்கள்.

செயலிக்கு வருகிறேன். திறந்தவுடன் முதலில் தெரிவது நேரலை அல்ல, அன்றைய நாளின் சுருக்கம். ஹாலில் நடந்தவற்றிலிருந்து அசைவு மிகுந்த இடங்களையும், முகம் அருகில் வந்த இடங்களையும், சிரிப்போ உரத்த பேச்சோ கேட்ட இடங்களையும் செயலி தானே பொறுக்கி எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் வெட்டி ஒட்டி, பின்னணி இசை சேர்த்து, கீழே பகிர்வதற்கான பொத்தானோடு வைத்திருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு “உங்கள் வீட்டில் இன்று என்ன நடந்தது தெரியுமா?” என்று ஓர் அறிவிப்பும் வருகிறது. வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் காவலுக்கு வைத்த கருவி சொல்ல வேண்டிய நல்ல செய்தி. இந்தச் செயலிக்கோ ஒன்றும் நடக்காத நாள் என்பது வீணான நாள். அமைதியாக உட்கார்ந்து கணக்குப் போட்ட மூன்று மணி நேரம் சுருக்கத்தில் இடம்பெறாது. எழுந்து சோம்பல் முறித்ததும், கைதவறிக் கொட்டிய தண்ணீரும், தோழியிடம் போனில் கோபமாகப் பேசியதும் இடம்பெறும்.

இந்தச் சுருக்கத்தைக் காணும் உரிமையைக் குடும்ப உறுப்பினர் என்ற பெயரில் எத்தனை கைப்பேசிகளுக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எங்கள் குடும்பத்தில் பெற்றோர், பாலக்கோட்டில் இருக்கும் ஆயா (பாட்டி), ஓசூர் அத்தை, பெங்களூரில் இருக்கும் சித்தப்பா, தர்மபுரியில் கல்லூரியில் படிக்கும் அத்தை மகன், நான் என்று ஏழு கைப்பேசிகளில் அது இருந்தது. எல்லாருக்கும் ஒரே அளவு உரிமை. நேரலையைப் பார்க்கலாம், பழைய பதிவுகளுக்குப் பின்னோக்கிப் போகலாம், கேமராவின் கழுத்தைத் திருப்பலாம், ஸ்பீக்கர் வழியே பேசலாம், காட்சியை வெட்டி எடுத்து அனுப்பலாம். வாசற்கதவை மட்டும் காட்டு, மாலை ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும் காட்டு, பார்க்கலாம் ஆனால் பகிரக் கூடாது என்றெல்லாம் வரையறுக்க வழி கிடையாது. இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை அறையில் இருப்பவருக்குச் சொல்லும் ஒரு விளக்கோ ஒலியோ கருவியில் இல்லை.

ஆயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அவரைக் குறை சொல்வதற்காக அல்ல. பாலக்கோட்டு வீட்டில் தனியாக இருப்பவர், மாலையில் சீரியலில் விளம்பரம் வரும்போது கைப்பேசியை எடுத்து, “பேத்தி என்ன பண்றா பாக்கலாம்” என்று செயலியைத் திறப்பார். நாளடைவில் சீரியலின் நேரம் குறைந்து பேத்தியின் நேரம் கூடியது. அவள் என்ன சாப்பிட்டாள், எப்போது முகம் வாடியிருந்தது, எந்த நாளில் தலை பின்னாமல் இருந்தாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதால்தான் பேத்தியால் அதை எதிர்த்து ஒரு சொல்லும் பேச முடியவில்லை. அவர் தினமும் போனில் அழைத்து, “ஏம்மா, இன்னிக்கு மூஞ்சி அப்பிடி இருந்துது?” என்று கேட்பதற்கு அவள் என்ன பதில் சொல்வாள்?

மற்றவர்களின் பார்வை அவ்வளவு எளிதில் மன்னிக்கத் தக்கதல்ல. ஒரு நாள் அவள் வீடு பெருக்கிக்கொண்டே பாட்டுக்கு ஆடியதைச் செயலி சுருக்கத்தில் சேர்த்தது. யாரோ அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட, இதயப் படங்கள் குவிந்தன. அத்தை மகன் அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தான், அங்கிருந்து அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன் பார்வைக்குப் போயிற்று. யாரும் தீய எண்ணத்தில் செய்யவில்லை. ஒவ்வொருவரும் ஒரு பொத்தானைத்தான் அழுத்தினார்கள், அந்தப் பொத்தானைத் திரையிலேயே மிகப் பெரியதாக வைத்தவர் நிறுவனத்துக்காரர். சித்தப்பாவோ பெங்களூரில் தம் அலுவலக இடைவேளையில் செயலியைத் திறந்து, டிவிக்கு மேலிருந்து திடீரென்று, “என்னம்மா, போன வெச்சிட்டு புக்க எடு” என்பார். ஒருமுறை அவளுடைய தோழிகள் இருவர் ஹாலில் இருந்தபோதும் அந்தக் குரல் வந்தது. அவர்கள் பிறகு அந்த வீட்டுக்கு வருவதில்லை. பிறர் வீட்டுப் பிள்ளைகளும் நம் கேமராவில் பதிகிறார்கள், அவர்களின் பெற்றோர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்பதை இந்தக் கருவியை வாங்கும் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

ஒரு வீட்டுக்குள் ஆட்களை அடைத்து இரவும் பகலும் படம்பிடித்துக் காட்டும் நிகழ்ச்சி 1999இல் நெதர்லாந்தில் தொடங்கியது, 2017இல் பிக் பாஸ் என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. அதில் கலந்துகொள்பவர்கள் வயது வந்தவர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஊதியம் பெற்று, இத்தனை நாள் என்று தெரிந்தே உள்ளே போகிறார்கள். நம் பக்கத்தில் பாரதக் கூத்து நடக்கும்போது விடிய விடிய ஆடும் கூத்தருக்கும் திரைக்குப் பின்னால் ஒரு கொட்டகை உண்டு. வேடம் கட்டாத முகத்தோடு அங்கே உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம், துரியோதனன் வீழும் நிறைவுக் கட்டமான படுகளம் முடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறலாம். அக்கா மகளுக்கு ஒப்பந்தமும் இல்லை, கொட்டகையும் இல்லை, படுகளமும் இல்லை. பார்ப்பவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள் என்பது ஒன்றே வேறுபாடு, அதுவும் அவளுக்குச் சாதகமான வேறுபாடல்ல. தொலைக்காட்சிப் பார்வையாளர் நாளை மறந்துவிடுவார். அத்தை பொங்கலுக்கு வரும்போது நினைவு வைத்துக் கேட்பார்.

இதன் விளைவைத்தான் வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். அவள் ஹாலைத் தவிர்க்கவில்லை, ஹாலில் நடிக்கத் தொடங்கினாள். மாலை ஆறு மணிக்குக் கேமராவுக்கு நேரான நாற்காலியில் இயற்பியல் புத்தகத்தைத் திறந்து வைத்து, பக்கங்களைச் சீரான இடைவெளியில் திருப்புவாள். சுருக்கத்தில் அது வராவிட்டாலும், நேரலையைத் திறக்கும் அம்மாவுக்கு நிறைவாக இருக்கும். உண்மையில் படிப்பது மொட்டைமாடியில், இருட்டிய பிறகு, கைப்பேசி வெளிச்சத்தில். சாப்பிடுவது சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நின்றபடி, ஏனெனில் லென்ஸ் எவ்வளவு திரும்பினாலும் அந்த மூலைக்கு எட்டாது. கேமரா திரும்பும்போது எழும் மெல்லிய மோட்டார் ஒலியை அவள் அடுத்த அறையிலிருந்தே கேட்டுச் சொல்கிறாள். அது ஆளைத் தானே பின்தொடர்ந்து திரும்பிய ஒலியா, யாரோ ஒருவர் விரலால் திருப்பிய ஒலியா என்று பிரித்தறியும் அளவுக்கு அவளுக்குப் பழகிவிட்டது. ஆக, பெற்றோர் பார்த்தது பிள்ளையை அல்ல, பிள்ளை அவர்களுக்காகத் தயாரித்த ஒரு காட்சியை. தனியாக இருக்கும் பெண் ஹாலில் தாழிட்ட கதவுக்குள் இருக்க வேண்டும் என்பதற்காக வாங்கிய கருவி, அவளை இருட்டிய மொட்டைமாடிக்கு அனுப்பியது என்றால், அது எதற்காக வாங்கப்பட்டதோ அந்த வேலையிலேயே தோற்றுவிட்டது என்றுதான் நான் மதிப்பெண் போடுவேன்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என்று வரையறுத்து, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அவர்களைப் பின்தொடர்வதையும், நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் நிறுவனங்களுக்குத் தடைசெய்கிறது. இந்தக் கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் தனிநபர் ஒருவர் சொந்த, குடும்பத் தேவைக்காகத் தரவைக் கையாண்டால் இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. அதாவது ஒரு நிறுவனம் செய்தால் அபராதத்துக்குரிய கண்காணிப்பைச் சித்தப்பா செய்தால் அது குடும்ப விஷயம். பிரான்சு 2024 பிப்ரவரியில் இயற்றிய சட்டத்தில், பிள்ளையின் உருவப்படத்துக்கான உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும் என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்த முடிவில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. நம் வீடுகளில் அந்த அளவுக்குப் போகச் சட்டம் தேவையில்லை என்பது என் எண்ணம், ஆனால் செயலியில் அதற்கு ஓர் இடமாவது இருந்திருக்கலாம். உறுப்பினர்களைச் சேர்க்கும் பக்கத்தில், படம்பிடிக்கப்படுபவர் என்று ஒரு வகையே இல்லை.

வாடிக்கையாளர் சேவை எண்ணில் அழைத்தபோது தமிழில் பேசினார்கள், பொறுமையாகவும் பேசினார்கள். நாள் சுருக்கத்தை அடியோடு நிறுத்த முடியுமா என்று கேட்டதற்கு, அறிவிப்பை நிறுத்தலாம், சுருக்கம் உருவாவதை நிறுத்த இயலாது என்றார்கள். பகிரும் பொத்தானை மறைக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதிலாக, மாதச் சந்தா கட்டினால் சுருக்கங்களைக் கிளவுடில் முப்பது நாள் வரை சேமிக்கலாம் என்ற சலுகையை விளக்கினார்கள். கேள்வி என்ன, விடை என்ன என்று அக்காவே சிரித்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லாவிட்டால் மதிப்புரை முழுமையாகாது. அக்காவும் மாமாவும் மகளோடு உட்கார்ந்து பேசி, கேமராவை ஹாலிலிருந்து கழற்றி, வாசல் கிரில்லுக்கு உட்புறம், தெருக்கதவையும் படிக்கட்டையும் பார்க்கும்படி மாற்றினார்கள். பொருத்தியவரே வந்து மாற்றிக் கொடுத்தார், முன்பு சொன்னதை நினைவூட்டாமல் வேலையை முடித்துவிட்டுப் போனது அவருடைய பெருந்தன்மை. இப்போது அவள் பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்து உள்ளே போவது பதிகிறது, அதன் பிறகு அவளுடைய மாலை அவளுடையது. ஆறரை மணிக்கு அக்கா ஓசூரிலிருந்து அழைத்துப் பேசுகிறார். உறுப்பினர் பட்டியலில் பெற்றோர் இருவர் மட்டும் மிச்சம், நானும் விலகிவிட்டேன். ஆயாவுக்குச் செயலிக்குப் பதிலாகப் பேத்தியே வீடியோ கால் செய்கிறாள், தினமும் அல்ல, தோன்றும்போது. “மின்ன மாதிரி தெனமும் பாக்க முடியல” என்ற குறை அவருக்கு இன்னும் இருக்கிறது, அந்தக் குறைக்கு இந்தக் குடும்பத்தில் யாரிடமும் விடை இல்லை. சுருக்கம் இப்போதும் இரவு ஒன்பது மணிக்குத் தவறாமல் தயாராகிறது. அதில் பால்காரரும், பக்கத்து வீட்டுக் கோழிகளும், சிலிண்டர் கொண்டுவரும் தம்பியும் பின்னணி இசையோடு நடமாடுகிறார்கள்.

இதே கருவியை வாங்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். இது வீட்டுக்குள் வைக்கும் வகையாதலால் சாரல் படும் இடத்தில் வைக்கக் கூடாது. வாசலுக்கென்றே வாங்குவதானால், சற்றுக் கூடுதல் விலையில் மழையும் தூசியும் தாங்கும் வெளிப்புற வகையைக் கேட்டு வாங்குவதே சரி. ஹாலில்தான் வைக்க வேண்டிய நிலை இருந்தால், லென்ஸை உடலுக்குள் மடக்கி மூடும் மறைப்பு வசதி உள்ளதா, அதை வீட்டிலிருப்பவர் தம் கையாலேயே இயக்க முடியுமா, நேரலையை ஒருவர் திறந்தால் கருவியில் விளக்கு எரியுமா, ஒலிப்பதிவைத் தனியே நிறுத்த முடியுமா என்ற நான்கையும் கடையிலேயே செயலியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். பில்லில் கருவியின் வரிசை எண்ணைக் குறித்து வாங்குங்கள், உத்தரவாதத்துக்கு அதைத்தான் கேட்கிறார்கள். மெமரி கார்டு உத்தரவாதத்தில் சேராது.